சீமைப்பலாப் படிவம்

டெனரியில் தனக்கு ஒருவரையும் தெரியாது என்று எல்வினா சார்லெரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பொய்யால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது.

பேட்டி எடுக்கப் போகிறவர் அந்த ஊருக்கு அந்நியராக இருக்க வேண்டும் என்பது இல்ல அமைதி அளவீட்டுக் குழுவின் முதல் விதி. தெரிந்தவள் என்றால் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். விதியில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் காலையில் தலைநகர் காஸ்ட்ரீஸில் மினிபஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் தீவையே ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிடக்கூடிய செயின்ட் லூசியாவில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரை எங்கே தேடிப் பிடிப்பது என்று அதில் எழுதியிருக்கவில்லை. எல்வினாவுக்கு வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடம் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்தவள். எந்த வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து பார்சல் வரும், எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும் என்று உறையைப் பார்க்காமலே சொல்வாள். அவள் இருந்த கிளையை மூடிய பிறகு எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டாள். அதனால் எனக்கு யாரையும் தெரியாது என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

தீவில் எத்தனை பெண்கள் கட்டிய கணவனிடமோ கூட வாழ்கிறவனிடமோ அடிபடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்வதுதான் குழுவின் வேலை. ஏதோ ஒரு வட்டார மாநாட்டில் சுவரில் மாட்டியிருந்த அட்டவணையில் மற்றத் தீவுகளுக்கு நேரே தீவுக்கொரு எண் இருந்ததாம். இந்தத் தீவுக்கு நேரே மட்டும் ஒரு சின்னக் கோடு. அதைப் பார்த்துக் கூனிக் குறுகித் திரும்பி வந்தவர் கத்பர்ட் தியோடுல். வந்த வேகத்தில் குழுவை அமைத்து அதற்கு டைரக்டராகவும் ஆகிவிட்டார். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் சந்தைத் தராசுகளுக்கு முத்திரை குத்தும் துறையில் இருந்தவர். அளப்பதில் அவருக்கு இருந்த அனுபவத்தை யாரும் மறுக்க முடியாது.

பயிற்சி ஐந்து நாள், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல் கூடத்தில். முதல் நாள் டைரக்டர் மேடையேறினார்.

"பெண்மணிகளே! எண்ணப்படாத துயரம் துயரமே அல்ல. அது வெறும் வதந்தி. அதை எண்ணாக மாற்றும் பேறு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அட்டவணையில் அந்தக் கோட்டைப் பார்த்தபோது நான் பட்ட வேதனையை எந்தப் பெண்ணும் பட்டிருக்க மாட்டாள்."

எல்வினாவுக்குப் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சிந்துவதுபோலக் கைக்குட்டைக்குள் சிரித்தாள்.

பார்படோஸிலிருந்து ஆலோசகராக வந்திருந்தவர் டாக்டர் பெரில் அலீன். ஒல்லியான, பொறுமையான அம்மாள். இந்த மாதிரிக் கணக்கெடுப்புகளைப் பல தீவுகளில் நடத்திக் கொடுத்தவர். அடித்தானா என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், அறைந்தானா, தள்ளினானா, முடியைப் பிடித்து இழுத்தானா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், அடி என்றால் அடியே இல்லை என்று சொல்கிற பெண்ணும் அறைந்ததைச் சொல்லுவாள் என்று விளக்கினார். எல்வினாவுக்கு அது சரியென்று பட்டது. கையை உயர்த்தியவர் டைரக்டர்தான்.

"டாக்டர், தள்ளறதுன்னா எவ்வளவு தூரம்?"

"தூரமா?"

"ஒரு அடியா, ரெண்டு அடியா? அளவு இல்லாம எப்படி எழுதுறது? நாளைக்கு யாராவது கேட்டா நான் தராசைக் காட்டியாகணும் பாருங்க."

டாக்டர் அலீன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் துணைவர் என்றால் யார் என்ற கேள்வியில் போயின. கோயிலில் மோதிரம் மாற்றிக் கட்டியவன் ஒன்று. கட்டாமல் கூட வாழ்கிறவன் இரண்டு. அதுவரை சிக்கலில்லை. வந்து போகிறவனை என்ன செய்வது? தீவில் பாதி ஆண்கள் வந்து போகிறவர்கள். வாரத்துக்கு எத்தனை தடவை வந்தால் துணைவர்? சாப்பிட்டால் போதுமா, தங்கவும் வேண்டுமா? பல் விளக்கும் பிரஷ் அங்கே இருந்தால்? பிரஷ் விஷயத்துக்கு மட்டும் ஒரு துணைக்குழு போட்டார்கள். கடைசியில் வாரம் இரண்டு இரவு என்று முடிவானது. எல்வினாவின் ரெனால்ட் பதினோரு வருடம் சனிக்கிழமை மீனோடு வந்து திங்கட்கிழமை விடியலில் போய்க்கொண்டிருந்தவன். இப்போது மார்ட்டினிக்கில் எவளுடனோ இருக்கிறான். எல்வினா விரல் விட்டுப் பார்த்தாள். சனி, ஞாயிறு. இரண்டு இரவு. அவன் தனக்கு யார் என்பது பதினோரு வருடத்தில் தெரியாதது அன்று அரசாங்கம் சொல்லித் தெரிந்தது.

நாலாம் நாள் அவள் எழுந்து கேட்டாள்.

"சார், ஒருத்தி ஆமா, அடிக்கிறான்னு சொல்லிட்டா நாங்க என்ன செய்யணும்?"

"டிக் போடணும்."

"அப்புறம்?"

"அடுத்த கேள்வி."

"அவ அழுதான்னா?"

டைரக்டர் கையேட்டைப் புரட்டினார். "முப்பத்தேழாம் பக்கம். இடைவெளி விடணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்புறம் அடுத்த கேள்வி" என்றார்.

டாக்டர் அலீன் பொறுக்க முடியாமல் எழுந்தார். "அட்டை இருக்கில்ல, அதைக் கொடுக்கணும். பெரியாஸ்பத்திரி நர்ஸ் ஃபிரான்சிலியாவோட நம்பர். கூப்பிட்டா எந்த நேரமும் எடுப்பாங்க. செருப்புக்குள்ள மறைக்கிற அளவுக்குச் சின்னதா, பார்த்தா ஒண்ணும் தெரியாத மாதிரி அச்சடிக்கச் சொல்லியிருந்தேன்."

சின்னதாகத்தான் அச்சடித்திருந்தார்கள். ஆனால் அதில் அரசு முத்திரை இருந்தது. குழுவின் முத்திரை இருந்தது. நிதி கொடுத்த நாலு அமைப்புகளின் சின்னங்கள் இருந்தன. டைரக்டரின் பெயரும் பட்டங்களும் இருந்தன. மிச்சமிருந்த ஓரத்தில், எறும்பு ஊர்ந்துபோன மாதிரி, நம்பர் இருந்தது. எல்வினா கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தாள். படித்ததை மனப்பாடம் செய்துகொண்டாள். தபால் நிலையப் பழக்கம்.

மற்ற நாடுகளில் இந்தக் கணக்கெடுப்பை யாரும் அதன் சொந்தப் பெயரில் அழைக்க மாட்டார்கள். புருஷன் காதில் விழுந்தால் பெண்ணுக்கு ஆபத்து. அதனால் பெண்கள் ஆரோக்கிய ஆய்வு என்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தார் டாக்டர். டைரக்டர் ஒப்புக்கொண்டார். ஐந்தாம் நாள் மாலை குழுவின் ஜீப் பெயின்ட் அடித்து வந்து நின்றது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெண்கள் ஆரோக்கிய ஆய்வு என்று இருந்தது. அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், சிவப்பில்: மனைவியை அடிப்போர் கணக்கெடுப்பு, ரகசியம்.

"அடைப்புக்குறிக்குள்ளதானே இருக்கு" என்றார் டைரக்டர்.

எல்வினா மினிபஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

டெனரியில் இறங்கிய உடனே மீன் வெட்டுகிற மேடையிலிருந்து ஒருத்தி, "ஏ எல்வினா! எங்கடி இந்தப் பக்கம்? ரெனால்ட் திரும்பி வந்துட்டானா?" என்று கத்தினாள். ரொட்டிக்கடை வாசலிலிருந்து இன்னொருத்தி கையாட்டினாள். டோமினோ ஆடிக்கொண்டிருந்த நாலு பேரும் தொப்பியைத் தூக்கினார்கள். யாரையும் தெரியாத ஊருக்குள் எல்வினா எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அவள் பையில் இரண்டு கட்டுப் படிவங்கள் இருந்தன. முதல் கட்டு உண்மையான கேள்விகள். பெண்ணோடு தனியாக இருக்கும்போது மட்டும் அதைக் கேட்க வேண்டும். புருஷனோ மாமியாரோ யார் உள்ளே வந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதை அடியில் தள்ளி, இரண்டாம் கட்டை எடுத்துவிட வேண்டும். அது சீமைப்பலாப் படிவம். சீமைப்பலாவை வீட்டில் எப்படிச் சமைக்கிறீர்கள் என்று பதினெட்டுக் கேள்விகள். யாருக்கும் சந்தேகம் வராத விஷயமாக இருக்கட்டும் என்று டாக்டர் அலீனே எழுதியது. அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டியதில்லை, சும்மா ஒப்புக்குக் கேட்டால் போதும்.

டாக்டர் ஒன்றை யோசிக்கவில்லை. பெண்களின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள். சீமைப்பலாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதல் வீட்டில் ஒருவர் தன் அம்மா அதைத் தணலில் சுட்ட விதத்தை நாற்பது நிமிடம் சொல்லிக் கண் கலங்கினார். முப்பத்தேழாம் பக்கத்தின்படி எல்வினா இடைவெளி விட்டாள். இரண்டாவது வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் அதற்கு வெண்ணெயா உப்புமீனா என்று தகராறு வந்து கைகலப்பு வரை போனது. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏழாவது வீடு மேட்டின்மேல், நீலத் தகரக் கூரை போட்டது. மிர்ட்டா என்ற பெண், முப்பத்திரண்டு வயது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வயது மகள் கெசியா படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எல்வினா பெண்கள் ஆரோக்கியம் என்று ஆரம்பித்து முதல் கேள்விக்கு வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து ஆள் வந்துவிட்டான். லூசியஸ். ஊரே விரும்புகிற மனிதன். கோயில் பாடகர் குழுவில் அவன் குரல்தான் முதலில் நிற்கும். எல்வினாவுக்கே அந்தக் குரல் தெரியும். போன ஈஸ்டருக்குக் கேட்டு மெய்சிலிர்த்திருக்கிறாள்.

"வாங்கக்கா, வாங்க. மிர்ட்டா, அக்காவுக்கு கோக்கோ டீ போடு. என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"சீமைப்பலா தம்பி. எப்படிச் சமைக்கிறீங்கன்னு கேக்குறோம்."

"அடடே!" நாற்காலி வந்தது.

எல்வினா படிவத்தை விரித்தாள். சுடுவீர்களா, அவிப்பீர்களா? இரண்டும் என்றாள் மிர்ட்டா. மரம் சொந்தமா? சொந்தம் என்றான் லூசியஸ். மிர்ட்டா அடுப்படி வாசலில் நின்றபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இடது கையை மடக்கி வயிற்றோடு வைத்திருந்தாள்.

"கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை தடவை தீய்ந்துபோனது?" எல்வினா பன்னிரண்டாம் கேள்வியைப் படித்தாள்.

மிர்ட்டா எல்வினாவின் முகத்தையே பார்த்தாள். வெயிலில் நடந்து வந்த இந்த அம்மாள் சீமைப்பலாவுக்காக மேடு ஏறி வந்திருக்க மாட்டாள் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"ஏழு தடவைக்கா."

லூசியஸ் சிரித்தான். "ஏழா? நான் ஒண்ணு கூடப் பார்க்கலையே! இவ சமையல்ல கெட்டிக்காரிக்கா."

"அவருக்கு நினைவிருக்காது" என்றாள் மிர்ட்டா. "கடைசித் தடவை கார்னிவல் முடிஞ்ச வாரம். ரொம்பத் தீய்ஞ்சுடுச்சு. ஆஸ்பத்திரி... அடுப்பு மாத்த வேண்டி வந்துச்சு."

எல்வினாவின் பேனா நின்றது. அடுத்த கேள்வி, எந்த மாதத்தில் அதிகம் கிடைக்கும் என்பது. அவள் அதைக் கேட்கவில்லை. "தீய்ஞ்சப்போ பக்கத்துல வேற யாரும் இருந்தாங்களா?" என்று இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"ரெண்டு தடவை பொண்ணு இருந்தா."

படிக்கட்டில் கெசியா பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை, தலையும் தூக்கவில்லை.

"குழந்தையை அடுப்புக்கிட்ட விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றான் லூசியஸ், உண்மையான அக்கறையோடு.

எல்வினா கோக்கோ டீயைக் குடித்து முடித்தாள். விதிப்படி மூன்று தடவை வரலாம். மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்ப்பது டைரக்டரேதான்.

"இது சீமைப்பலா. எண்ணிக்கையில சேராது."

"சார், அவங்க சொன்னது சீமைப்பலா இல்ல. பன்னிரண்டாம் கேள்வியைப் பாருங்க."

"தீய்ந்த தடவை: ஏழு." டைரக்டர் கவலையோடு தலையாட்டினார். "அதிகம்தான். சராசரி ரெண்டுதான் வருது."

"சார், அவ அடிபடுறதை அப்படிச் சொல்றா."

"நீங்க அப்படி நினைக்கிறீங்க. நினைப்புக்குக் கட்டம் இல்லம்மா. தனியா இருக்கணும், கேள்வி அச்சடிச்ச மாதிரி கேட்கணும், ஆமான்னு சொல்லணும். சந்தையில ஒருத்தன் வந்து, சார் இது பார்த்தாலே மூணு கிலோன்னு சொன்னா நான் முத்திரை குத்துவேனா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தப் படிவம் நல்லாப் பூர்த்தியாயிருக்கு, அதைச் சொல்லணும். மத்தவங்க உண்மைப் படிவத்தை அரைகுறையாக் கொண்டு வர்றாங்க. சீமைப்பலா பாருங்க, ஒரு கட்டம் காலி இல்ல. நூத்தி நாப்பது சேர்ந்துடுச்சு. இதையும் ஒரு அறிக்கையாப் போட்டா என்னன்னு யோசிக்கிறேன்."

எல்வினா வெளியே வந்து, மாமரத்தடியில் நின்று, மனப்பாடமாயிருந்த நம்பரைக் கூப்பிட்டாள். நர்ஸ் ஃபிரான்சிலியா இரண்டாவது மணியில் எடுத்தார். எல்வினா சொன்னதை முழுக்கக் கேட்டார். கேள்வி மூன்றுதான் கேட்டார். குழந்தை உண்டா? கையில் அடையாள அட்டை இருக்குமா? அவன் எப்போது வீட்டில் இருக்க மாட்டான்?

"அதைக் கேட்டுச் சொல்லு கண்ணு. மத்ததை நான் பார்த்துக்கிறேன். நீ அவசரப்பட்டு எதுவும் செஞ்சிடாதே. எப்போ கிளம்பணும்ங்கிறது அவ முடிவா இருக்கணும்."

இரண்டாவது தடவை போனபோது லூசியஸ் வாசலிலேயே வரவேற்றான். சீமைப்பலாவைப் பற்றி அவனுக்கு இன்னும் சில கருத்துகள் தோன்றியிருந்தன. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை எல்வினா படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதில் இருப்பதைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"அம்மா, சில வீட்டுப் பலாவை அளவெடுக்க அலுவலகத்துக்குக் கொண்டுபோறோம். விருப்பப்பட்டா மட்டும்தான். கட்டாயம் இல்ல. உங்க வீட்டுது கொண்டுபோக விருப்பமா?"

மிர்ட்டா முந்தானை போல் தோளில் கிடந்த துண்டை முறுக்கினாள். நீண்ட நேரம் முறுக்கினாள்.

"சின்னதையும் கொண்டு வரலாமா?"

"சின்னதில்லாம எப்படி? ரெண்டும் சேர்ந்துதான்."

"அப்போ விருப்பம்தான்."

"எப்போ தோதுப்படும்?"

"ஞாயித்துக்கிழமை. பூசை நேரம். அவர் பாடப் போயிருப்பார்."

"ஏன் நீ சுமக்கணும்?" என்று இடையில் புகுந்தான் லூசியஸ். "எத்தனை வேணும்? நானே பறிச்சுத் திங்கட்கிழமை கொண்டு வந்து கொடுத்துடறேன்."

எல்வினாவுக்கு அந்த நேரத்தில் டைரக்டர் தியோடுலின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் முதுகை நிமிர்த்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"முடியாது தம்பி. விதி பதினாலு, உட்பிரிவு ரெண்டு. சமைக்கிறவங்க கையாலதான் ஒப்படைக்கணும். ஆம்பிளை கை பட்டா மாதிரி செல்லாது. முத்திரை குத்த மாட்டாங்க."

லூசியஸ் மரியாதையாகப் பின்வாங்கினான். முத்திரை என்றால் அந்தத் தீவில் யாருக்கும் ஒரு பயம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாம் பாட்டு ஆரம்பித்தபோது மிர்ட்டா மேட்டிலிருந்து இறங்கினாள். தலையில் ஒரு கூடை, மேலே இரண்டு சீமைப்பலா, அடியில் துணியும் பள்ளிச் சான்றிதழும். கெசியா ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிக்கூடக் காலணி போட்டிருந்தாள். அவளிடம் இருந்ததில் நல்லது அதுதான்.

"எங்கடி கூடையோட?" என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலை நீட்டினாள்.

"அளவெடுக்கக் கொண்டுபோறேன்."

பக்கத்து வீட்டுக்காரி கூடையைப் பார்த்தாள், குழந்தையின் காலணியைப் பார்த்தாள். அந்த வீட்டுச் சத்தங்களை ஆறு வருடமாகச் சுவர் வழியே கேட்டவள். "போ, போ. நிதானமா அளக்கட்டும். அவன் கேட்டா நான் ஒண்ணும் பார்க்கலை" என்று தலையை இழுத்துக்கொண்டாள்.

சாலை வளைவில் நர்ஸ் ஃபிரான்சிலியா தன் பழைய காரில் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் எல்வினா. கார் மலைப் பாதையில் ஏறும் வரை கோயிலிலிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. குரல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கெசியா, "அம்மா, பலாக்காயை யாருக்குக் கொடுக்கப்போறோம்?" என்று கேட்டாள். மிர்ட்டா சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் கொண்டுபோய் முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை லூசியஸ் அலுவலகத்துக்கு வந்துவிட்டான். எல்வினா படிவ அறையில் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். டைரக்டருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வாரோ என்பதும் அவளுக்குத் தெரியாது.

"என் சம்சாரம் பலாக்காய் கொடுக்க இங்க வந்தா சார். இன்னும் வீடு திரும்பலை."

"உட்காருங்க. உங்க வீட்டு எண்?"

லூசியஸ் விலாசம் சொன்னான்.

"விலாசம் சொல்லக் கூடாது. அது ரகசியம். நீங்க சொன்னதை நான் கேட்கலை. எண்ணைச் சொல்லுங்க."

"எண் எனக்குத் தெரியாதே சார்."

"தெரியக் கூடாது. அதுவும் ரகசியம்தான்."

"அந்த எல்வினா அக்காவைக் கூப்பிடுங்க, அவங்களுக்குத் தெரியும்."

"எந்த ஊருக்கு யார் போனாங்கன்னு வெளியே சொல்ற வழக்கம் இல்ல. தவிர, எங்க ஊழியர் யாருக்கும் டெனரியில யாரையும் தெரியாது. எழுத்துமூலம் வாங்கி வெச்சிருக்கேன்." டைரக்டர் கோப்பைத் தட்டிக் காட்டினார். "இந்தத் தீவிலேயே ஒரு விஷயம் வெளியே போகாத ஒரே இடம் இதுதான். எனக்கே இங்க என்ன நடக்குதுன்னு தெரியாது. அதுதான் எங்க பெருமை. புகார் உண்டுன்னா படிவம் தர்றேன். மூணு பிரதி. நகல் தாள் நீங்க கொண்டு வரணும்."

லூசியஸின் குரல் உயர்ந்தது. கோயிலில் உயர்வது போல் இல்லை. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். மைக்கூடு உருண்டது. டைரக்டர் உருண்ட மைக்கூட்டைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் கள்ளத் தராசுக்காரர்களைப் பார்த்தவர். பிறகு, "நாலு பிரதி" என்றார்.

அவன் போன பிறகு படிவ அறைப் பக்கம் பார்க்காமலே, "எல்வினா அம்மா, பன்னிரண்டாம் கேள்வி ஏழுன்னு வந்த படிவம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

மூன்றாம் வாரம் நீதிமன்றம் லூசியஸ் மிர்ட்டாவின் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. மிர்ட்டா தெற்கே அக்காவின் வீட்டில் இருந்தாள். கெசியாவுக்கு அங்கேயே பள்ளிக்கூடம் கிடைத்தது.

கணக்கில் மட்டும் மிர்ட்டாவுக்கு இடம் கிடைக்கவில்லை. நீலத் தகரக் கூரை வீட்டுக்கு மறுபரிசோதனைக்குப் போன ஊழியர், தகுதியுள்ள பெண் யாரும் இல்லை என்று குறியிட்டுத் திரும்பினார். குறிப்பில் ஒரு வரி சேர்த்திருந்தார்: வீடு அமைதியாக உள்ளது. டைரக்டர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். அளக்கத் தொடங்கிய உடனேயே குறைய ஆரம்பித்துவிட்டது என்றார்.

அந்தக் கூட்டத்தில்தான் எண்ணைப் பற்றியும் பேசினார். டாக்டர் அலீன் பக்கத்தில் இருந்தார்.

"டாக்டர், நான் உங்க வேலையில தலையிடலை. ஆனா இருபதுக்குக் கீழே வந்தா நிதி கொடுக்கிறவங்க போயிடுவாங்க. நாற்பதுக்கு மேலே வந்தா சுற்றுலாப் பயணிகள் போயிடுவாங்க. பக்கத்துத் தீவைவிடக் குறைவா இருக்கணும், ரொம்பக் குறைவா இருந்தா நம்ம பொம்பளைங்க பொய் சொல்றாங்கன்னு சொல்லுவாங்க. இதுக்கு நடுவுல உண்மை எங்க வேணா இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல."

"எண் எதுவோ அதுதான் சார் வரும்" என்றார் டாக்டர். அவர் சொன்னபடி செய்யக்கூடியவர், செய்தார்.

வெளியீட்டு விழா அதே ஹோட்டல் கூடத்தில். இரண்டு அறிக்கைகள். சீமைப்பலா அறிக்கை வண்ணப் படங்களோடு தடிமனாக இருந்தது. விவசாயத் துறையிலிருந்து வந்தவர்கள் அதைத்தான் தேடி வாங்கினார்கள். மற்றது மெலிசு. டைரக்டர் மேடையில் திரையை விலக்கினார். இருபத்தேழு புள்ளி நாலு சதவீதம். எல்லாரும் கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டுகிறோம் என்று சிலருக்கு நடுவில் சந்தேகம் வந்து, தட்டுவதா விடுவதா என்று தெரியாமல் மெதுவாகத் தட்டினார்கள்.

"பாருங்கள், அந்தப் புள்ளியை!" என்றார் டைரக்டர். "சில நாடுகள் முழு எண்ணோடு நின்றுவிட்டன. நாம் புள்ளி வரை போயிருக்கிறோம். இனி அட்டவணையில் நமக்கு நேரே கோடு இல்லை!"

டாக்டர் அலீன் எழுந்து, இது வாய் திறந்து சொன்னவர்கள் மட்டும்தான், சொல்லாதவர்கள் இதற்கு வெளியே இருக்கிறார்கள் என்றார். அந்த நேரத்தில் சிற்றுண்டித் தட்டுகள் வந்துவிட்டதால் பலருக்குக் கேட்கவில்லை.

எல்வினா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தட்டோடு வந்த பெண் அவள் பக்கத்தில் நின்றுவிட்டாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஹோட்டல் சீருடை, கழுத்து வரை பொத்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொரித்த மீன் உருண்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

"அக்கா," என்றாள் மெதுவாக, "இதுக்கு யாரும் எங்க வீட்டுப் பக்கம் வரலையே. அந்தப் புள்ளி நாலுல நான் இருப்பேனா?"

மேடையில் டைரக்டர் நன்றியுரையில் ஒன்பதாவது பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். எல்வினா அவள் கையிலிருந்த தட்டை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். கைப்பையில் பேனா இருந்தது, அதை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து, பக்கக் கதவு வழியே வெளியே மாடிப்படிக்கு அழைத்துப்போனாள். கீழே கடல் இருந்தது. சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள் எல்வினா. இத்தனை மாதத்தில் எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி இருந்ததில்லை.

அவள் பெயரைச் சொன்னாள். பிறகு மேல் பொத்தானைக் கழற்றினாள்.